மருந்தால் வரும் போலித் தோல் நிணநீர்ப்புற்று

உட்கொண்ட மருந்துக்கு எதிர்வினையாக லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் தோலில் குவிந்து, கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் நிணநீர்ப்புற்று போலவே தோன்றும் நிலை இது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கிவிடும்.

முதலில் அகப்பட்டவை வலிப்பு மாத்திரைகள். ஃபெனிடாயின் 1938இல் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கியது. வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு நெறி கட்டி, அது நிணநீர்ப்புற்றை ஒத்திருப்பதை 1959இல் சால்ட்ஸ்டைனும் ஆக்கர்மனும் விவரித்தனர். கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டால் ஆகியவையும் இதே வகை. ரத்த அழுத்தத்துக்கான அட்டினலால், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. அரிப்பை அடக்கத் தரும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையும் சில வேளை காரணமாவது இந்நோயின் விசித்திரம்.

முகத்திலோ மார்பிலோ ஒற்றைக் கழலையாக வரலாம்; உடம்பெங்கும் தடிப்பும் செதிலுமாகப் பரவி, 1806இல் அலிபெர் விவரித்த மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸ் என்ற தோல் நிணநீர்ப்புற்றை அப்படியே ஒத்திருக்கவும் செய்யலாம். மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல், முக வீக்கம், கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றோடு வரும் கடும் ஒவ்வாமை வேறு வகை. அதற்கு உடனடிச் சிகிச்சை வேண்டும். போலிப்புற்று மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். அதனால்தான் பழகிப்போன மாத்திரையின் மேல் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

சேலம், நாமக்கல் சமவெளி மக்களின் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் பாடநூல் படங்களின் சிவப்பு தெரியாது. கருமையோ ஊதா நிறமோதான் தெரியும். மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸே இத்தோலில் வெளிறிய தேமலாக வருவதுண்டு. ஆகவே அதே போல் வெளிறிய தேமலாக வரும் தொழுநோயையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். உணர்ச்சி மரத்திருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது முதல் வேலை.

அடுத்தது பயாப்சி. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளில் தோல் துணுக்கை எடுத்து ஆராய்வார்கள். ஆனால் துணுக்கு மட்டுமே தீர்ப்புச் சொல்லாது. லிம்போசைட்டுகள் ஒரே மூலத்திலிருந்து பெருகியவையா என்று பார்க்கும் மரபணுச் சோதனையும் போலிப்புற்றில் சில சமயம் ‘ஆம்’ என்றே காட்டும். தீர்மானிப்பவை மருந்து வரலாறும், நிறுத்திய பின் நடப்பதும்தான். நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர் வழியில் வேறு மாநில மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைக்குச் சீட்டு இருக்காது. “பிரஷர் மாத்திரை, சின்னது, வெள்ளை” என்பார். காலி அட்டையைக் கொண்டுவரச் சொன்னால்தான் பெயர் கிடைக்கும். நாட்டு மருந்து, ஊசி ஆகியவற்றையும் கேட்டுக் குறிக்க வேண்டும்.

வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஃபெனிடாயினுக்குப் பதில் கார்பமாசெபைன் தருவதும் தவறு. இரண்டுக்கும் ஒரே ஒவ்வாமை வருவதுண்டு. லெவெடிராசிடம் போன்ற வேறு வகைக்கு மருத்துவர்தான் மாற்ற வேண்டும். நிறுத்தியும் தடிப்பு அடங்காவிட்டால் மறுபடி பயாப்சி தேவை. போலி எனக் கருதப்பட்ட சில, பின்னாளில் உண்மைப் புற்றாகத் தெரியவந்துள்ளன. அடங்கியவர்களையும் சில ஆண்டுகள் கண்காணிப்பார்கள். இத்தகைய விளைவுகளை 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் தெரிவிக்கலாம்.