மின்சாரம் முதலில் எங்கே போனது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தோழர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் எந்த ஆண்டு? 1902. கூடவே திவான் சேஷாத்ரி ஐயரின் தொலைநோக்கு என்று ஒரு வரியையும் மனப்பாடம் செய்திருப்போம். அந்த மின்சாரம் முதலில் எங்கே போனது என்று மட்டும் வினாத்தாளில் வருவதில்லை.

சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து, கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூர் தெருவில் மின்விளக்கு எரிந்ததே 1905இல்தான். தங்கவயலுக்கு அது வெளிச்சத்துக்காகப் போகவில்லை. தாதுக்கல்லை இடிக்கும் ஆலைகளை ஓட்டப் போனது. அதுவரை விறகும் நிலக்கரியும் தின்ற நீராவி எஞ்சின்களின் செலவு கம்பெனியை உறுத்திக்கொண்டிருந்தது.

கம்பெனி என்றால் 1880இல் வந்த லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று பெயர்ப்பலகைகள் பல, நிர்வாகம் ஒன்று. பங்குதாரர்கள் இங்கிலாந்தில். மைசூர் அரசுக்கு ராயல்டி. குழிக்குள் இறங்கியவர்கள்?

பெரும்பாலும் நம்மவர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து போனவர்கள். 1876-78 பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊரில் இருந்தால் பண்ணையில் படியாள். கூலி என்பது ஆண்டை அளக்கும் தானியம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864 முதலே ரயில் ஓடியது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து தங்கவயலுக்குக் கிளைப்பாதையும் போட்டார்கள். கம்பெனி தன் சரக்குக்காகக் கேட்ட பாதைதான். ஆனால் ஆண்டையின் கைக்கு எட்டாத தூரத்துக்கு நம் ஆட்களை ஏற்றிப்போனதும் அதே பாதைதான்.

இதை வைத்து 'எந்திரம் சாதி பார்க்காது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலே வெள்ளைக்காரர், அடுத்து ஆங்கிலோ இந்தியர், எழுத்து வேலையில் சாதி இந்துக்கள், பாறையைத் துளைக்கும் இடத்தில் தலித்துகள். சேரியின் வரைபடத்தை அப்படியே பூமிக்குள் செங்குத்தாக நிறுத்தியதுபோல. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் தங்கம் ஒளித்திருக்கிறானா என்று உடம்பைத் தடவிச் சோதனை. குடியிருக்கத் தட்டி வீடு. கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சு விடமுடியாமல் செத்தவர்கள் ஏராளம். 1930இல் எல்லோருடைய கைரேகையையும் பதிவுசெய்யக் கம்பெனி முனைந்தபோதுதான் ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள். குற்றவாளிக்கு எடுப்பதை எங்களுக்கு ஏன் எடுக்கிறாய் என்ற மானப் பிரச்சினை அது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி தபால். இந்தியத் தபால் துறை மணியார்டர் தொடங்கியதும் 1880தான். ரொக்கக் கூலி சேரிக்கு நேராக வந்து சேர வழி கிடைத்தது. தபாலில் எதிர்த்திசையில் ஒன்று வந்தது. 1907இல் ராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', பிறகு 'தமிழன்'. அதன் வாசகர்களிலும் புரவலர்களிலும் தங்கவயல்காரர்கள் முக்கியமானவர்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை நடத்தினார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். பிற்பாடு நின்றுபோன இதழை 1926இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார். சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. அவர் எழுத்து இன்று நம் கையில் இருப்பதில், பூமிக்கடியில் பாறை உடைத்தவர்களின் காசும் இருக்கிறது. இந்தியத் தொழில்மயமாக்கல் பற்றிய எந்தப் பாடத்திலாவது இதைப் படித்திருக்கிறீர்களா? எம்.ஏ. சமூகவியலில் நான் படிக்கவில்லை.

2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்தாயிற்று. மிச்சம் சயனைடு மண்மேடுகள். காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது அந்தத் தூசி. விடியும் முன்பே மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறார்கள், 1894இல் போட்ட அதே பாதையில்.