சாயத்தொட்டியில் ஏமாற்றும் மூச்சு

2014 மார்ச்சில் பெருந்துறை சிப்காட்டில், ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் நச்சு வாயு தாக்கி ஏழு தொழிலாளர்கள் இறந்தனர். 2025 மே மாதம் பல்லடம் அருகே காரைப்புதூரில், சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களில் மூவர் இறந்தனர். “மூச்சு முட்டியதும் மேலே ஏறியிருக்கலாமே?” என்ற கேள்வி இத்தகைய சாவுகளைத் தொடர்ந்து எழும். அந்தக் கேள்வியே உடலியலுக்குப் பொருந்தாதது.

மூச்சை நெறிப்படுத்தும் வேதி உணரிகள் முதன்மையாகக் கணக்கெடுப்பது ஆக்சிஜனை அல்ல, கரியமில வாயுவை. ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் இதை நிறுவினர். தமனி இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் வழக்கமாக 40 மி.மீ. பாதரசத்தை ஒட்டி நிற்கும். அந்த வாயு சற்றே கூடினாலும், மூளைத் தண்டுவட நீருக்குள் ஊடுருவி அமிலத்தன்மையை உயர்த்தும். முகுளத்தின் அடிப்பரப்பிலுள்ள உணரிகள் உடனே மூச்சை முடுக்கும். ஒரு மி.மீ. உயர்வுக்கே நிமிடத்துக்கு இரண்டு, மூன்று லிட்டர் காற்று கூடுதலாக உள்ளே போகும். ஆக்சிஜன் குறைவைக் கவனிப்பது கழுத்துத் தமனி பிரியும் இடத்திலுள்ள கரோட்டிட் உறுப்பு. இதன் பணியை விளக்கியதற்காக ஹேமன்ஸ் 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ. அளவுக்கு இறங்கும்வரை இதன் தூண்டல் வலுப்பதில்லை.

மீத்தேன் நிறைந்து ஆக்சிஜன் வற்றிய தொட்டியில் இறங்குபவர் கரியமில வாயுவைத் தடையின்றி வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறார். முகுளத்துக்குச் செய்தி போவதில்லை. தவிப்பு தோன்றுமுன் நினைவு தப்பிவிடுகிறது.

சாயப்பட்டறைக் கசடில் இன்னொரு கேடும் உண்டு. சாயமேற்றப் பயன்படும் கிளாபர் உப்பிலுள்ள சல்பேட்டைக் காற்றில்லாச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. கசட்டைக் கிளறினால் அது ஒரேயடியாகப் பொங்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்து, அழுகிய முட்டை நாற்றமும் தெரியாமல் போகும். பிறகு மூச்சு மையமே முடங்கும்.

கரியமில வாயுவே மிகுந்த தொட்டியிலாவது உணரி காப்பாற்றுமா? சோடா உப்பு கலந்த கழிவுநீரில் அமிலம் ஊற்றிச் சமன்செய்யும்போது இந்த வாயு வெளிப்படும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் அடியில் தங்கும். அங்கே உணரி கூவத்தான் செய்கிறது. ஆனால் அது அறிந்த ஒரே மருந்து இன்னும் ஆழமாக மூச்சிழுப்பது. இழுக்க இழுக்க அதே வாயு உள்ளே போகிறது. செறிவு 10 விழுக்காட்டைத் தொட்டால் சில நிமிடங்களில் மயக்கம் வரும்.

காப்பாற்றக் குதிப்பவரின் நிலை இதைவிடக் கொடியது. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, விழுந்தவரைத் தூக்க முயல்கிறார். உழைக்கும் தசைகள் கரியமில வாயுவைப் பெருக்குகின்றன. அடக்கிய மூச்சை உணரிகள் விரைவிலேயே உடைத்துவிடுகின்றன. அந்த முதல் இழுப்பு தொட்டிக்குள்ளேயே நிகழ்கிறது. அவரிடம் விவேகம் இல்லை என்று பழிப்பது பெரும் அநீதி.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் இங்கே உதவாது. அது ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும். வாயுமானியைத் தொட்டியின் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் இறக்கி அளக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவில் கேட்டிருந்ததும் ஏறக்குறைய இதைத்தான்: தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் தரும் சான்று, இல்லையேல் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும், அதன் மறுமுனையைப் பிடிக்க வெளியே ஒருவர். எனவே ஒவ்வொரு தொட்டிச் சாவிலும் விசாரணை இறந்தவரின் கவனக்குறைவிலிருந்து தொடங்கக்கூடாது. வாயுவை யார் அளந்தார், எந்த ஆழத்தில் அளந்தார், சான்று எங்கே, கயிற்றை யார் பிடித்திருந்தார் என்பவையே அதன் முதல் கேள்விகளாக வேண்டும்.