தடை போடாமல் மூடப்பட்ட சந்தை

ஊரின் பொது இடத்தில் ஒரு பொருட்காட்சியோ சர்க்கஸோ பாட்டுக் கச்சேரியோ நடத்த வேண்டுமா? கொட்டகை போடுவதற்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும். எந்த இடம், எத்தனை நாள், எத்தனை மணி வரை, என்ன கட்டணம் என்று எல்லாமே ஒரு விண்ணப்பத்தில் அடங்கிவிடும். இது ஏதோ இந்தக் காலத்து ஆபீஸ் தொல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது மிகவும் பழைய விஷயம். லண்டனில் 1133-ல் தொடங்கி 1855-ல் முடிந்த ஒரு சந்தை, ஓர் அனுமதியால் பிறந்து, அனுமதி கிடைக்காமலேயே செத்துப்போனது. அதன் பெயர் பார்த்தலோமியூ சந்தை.

லண்டன் நகரத்தின் மதிலுக்கு வெளியே, வடமேற்கில் இருந்த திறந்தவெளி ஸ்மித்ஃபீல்ட். குதிரையும் மாடும் விற்கிற இடம். முதலாம் ஹென்றி அரசரின் அவையில் இருந்த ராஹியர் என்பவர் 1123-ல் அங்கே புனித பார்த்தலோமியூ பெயரில் ஒரு மடத்தையும் ஒரு மருத்துவமனையையும் தொடங்கினார். அந்த மருத்துவமனை இன்றும் அதே இடத்தில் இயங்குகிறது! மடத்துக்கு வருமானம் வேண்டுமே? 1133-ல் அரசர் ஒரு பட்டயம் கொடுத்தார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 24, புனிதரின் திருநாள். அதற்கு முந்தின நாள், திருநாள், மறுநாள் என்று மூன்று நாள் சந்தை நடத்தலாம், சுங்கம் மடத்துக்குச் சேரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கால இங்கிலாந்தில் நினைத்தவர் நினைத்த இடத்தில் சந்தை கூட்ட முடியாது. அரசர் கொடுத்த உரிமை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெடுங்கால வழக்கமாவது இருக்க வேண்டும். ஆனால் அந்த உரிமை வெறும் வசூல் உரிமை அல்ல. சந்தைக்கு வருகிறவர்களுக்கும் திரும்பிப் போகிறவர்களுக்கும் அரசரின் பாதுகாப்பு உண்டு என்று பட்டயமே சொன்னது. அதாவது, வியாபாரி சுங்கம் கொடுத்தால் பதிலுக்கு அவருக்கு ஏதோ கிடைத்தது.

என்ன கிடைத்தது? முதலாவது, நீதி. வெளியூர் வியாபாரிக்கு ஒரு வழக்கு வந்தால் மாதக்கணக்கில் லண்டனில் காத்திருக்க முடியுமா? அதற்காகவே சந்தைக்குள் ஒரு சிறிய நீதிமன்றம் நடந்தது. அதன் பெயர் 'பைபவுடர்' நீதிமன்றம். பழைய பிரெஞ்சில் 'புழுதி படிந்த கால்கள்' என்று பொருள். நடந்து வந்த களைப்போடு, காலைக் கூடக் கழுவாமல் வந்து முறையிடலாம். சந்தை கலைவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

இரண்டாவது, நாணயம். இது இங்கிலாந்தின் பெரிய துணிச் சந்தையாக இருந்தது (அந்த இடத்தில் 'கிளாத் ஃபேர்' என்ற தெரு இன்றும் இருக்கிறது). தையற்காரர் சங்கத்தார் வெள்ளியால் ஆன ஒரு கஜக்கோலோடு சந்தையைச் சுற்றி வருவார்கள். கடைக்காரரின் கோல் ஒரு விரல் குறைந்தாலும் மாட்டிக்கொள்வார். வாங்க வந்த ஏழைக்கு அதுதான் காப்பு.

நூற்றாண்டுகள் போகப் போகச் சந்தையின் முகம் மாறியது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இந்த மடமும் போனது. 1544-ல் மடத்தின் இடமும் சந்தை உரிமையும் ரிச்சர்ட் ரிச் என்ற அரசாங்கப் பிரமுகரின் கைக்கு வந்தன. ஒரு பக்கம் ரிச்சின் வாரிசுகள், மறு பக்கம் லண்டன் மாநகராட்சி என்று ஒரே சந்தையில் இரண்டு தரப்பார் வசூல் செய்தார்கள். துணி வியாபாரம் மெல்ல ஒதுங்கியது. பொம்மலாட்டம், கயிற்றின் மேல் நடப்பவர்கள், நாடகக் கொட்டகைகள், மிருகக் காட்சிகள் வந்து நிறைந்தன. 1614-ல் பென் ஜான்சன் இந்தச் சந்தையின் பெயரிலேயே ஒரு நாடகம் எழுதினார். 1660-களில் சாமுவேல் பீப்ஸ் இங்கே வந்து வேடிக்கை பார்த்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

எவ்வளவு கூட்டம் வந்தது? 1828-ல் வோம்ப்வெல் என்பவரின் மிருகக் காட்சி 1,700 பவுன் வசூலித்ததாக ஒரு கணக்கு உண்டு. நுழைவுக் கட்டணம் 6 பென்ஸ். அன்று ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே கொட்டகைக்குள் 68,000 பேர்! வேலைக்காரர்கள், தொழில் பழகும் பையன்கள், சமையல்காரப் பெண்கள்... யானையையும் சிங்கத்தையும் அவர்கள் பார்த்தது இங்கேதான்.

கூட்டம் இருந்தால் பிக்பாக்கெட்டும் இருக்கும், குடியும் அடிதடியும் இருக்கும். இருந்தன. அக்கம்பக்கத்தாரின் புகார்கள் பொய்யில்லை. இரண்டு வாரம் வரை நீண்டுகொண்டிருந்த சந்தையை 1708-ல் மாநகராட்சி மறுபடி மூன்று நாளாகச் சுருக்கியது. ஆனாலும் புகார் ஓயவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களின் குரல் ஓங்கியது. 1830-ல் ரிச் குடும்பத்தின் வழியில் உரிமை பெற்றிருந்த கென்சிங்டன் பிரபுவிடமிருந்து மாநகராட்சி அந்த உரிமையையும் வாங்கிவிட்டது. இப்போது மொத்தச் சந்தைக்கும் ஒரே எஜமான்.

இனி என்ன செய்யலாம்? நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்து சந்தையை ஒழிக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் விவாதம் வரும், எதிர்ப்பு வரும், பத்திரிகைகள் எழுதும். மாநகராட்சியின் சட்ட அதிகாரி சார்ல்ஸ் பியர்சன் காட்டியது அமைதியான வழி. (லண்டனில் பூமிக்கடியில் ரயில் விட வேண்டும் என்று பாடுபட்டவரும் இவரேதான்.) சந்தை இருக்கட்டும், ஆனால் நாடகத்துக்கும் வேடிக்கைகளுக்கும் இடம் வாடகைக்குத் தர வேண்டாம். அவ்வளவுதான்!

1840-ல் அது நடைமுறைக்கு வந்தது. மிருகக் காட்சிகளைத் தவிர வேறு காட்சிகளுக்கு இடம் இல்லை. லண்டன் மேயர் ஆடம்பரமாக ஊர்வலம் வந்து சந்தையைத் தொடங்கி வைக்கும் வழக்கமும் கைவிடப்பட்டது. யாரும் சந்தையைத் தடை செய்யவில்லை. எந்த வியாபாரியையும் அடித்து விரட்டவில்லை. 1850-ல் மேயர் சந்தையை அறிவிக்க வந்தபோது அங்கே அறிவிப்பதற்குச் சந்தையே இல்லை. அதற்குப் பிறகு மேயர்கள் வருவதையும் நிறுத்திவிட்டார்கள். சம்பிரதாயத்துக்காகச் சில ஆண்டுகள் அறிவிப்பை வாசித்தார்கள். 1855-க்குப் பிறகு அதுவும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாநகராட்சி தனக்கென்று முறையான போலீஸ் படையை அமைத்தது 1839-ல். அதாவது, கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வசதி கைக்கு வந்த மறு ஆண்டே, கூட்டமே வேண்டாம் என்று முடிவெடுத்தது.

வேறு வழியே இல்லையா? இருந்தது. நாட்டிங்காம் நகரின் 'வாத்துச் சந்தை'யும் பல நூற்றாண்டுப் பழமையானதுதான். ஊர் நடுவில் நெரிசல் தாங்கவில்லை என்றபோது 1928-ல் அதை ஒரு பெரிய திடலுக்கு மாற்றினார்கள். ஊரும் பிழைத்தது, சந்தையும் பிழைத்தது. இன்றும் நடக்கிறது. ஆனால் லண்டனின் வழியைத்தான் சட்டம் பின்பற்றியது. 1871-ல் வந்த சந்தைகள் சட்டம், உள்ளூர் நீதிபதிகள் கேட்டுக்கொண்டு, சந்தைக்கு உரியவரும் சம்மதித்தால், ஒரு சந்தையையே ஒழித்துவிடலாம் என்றது. அங்கே கடை போடுகிறவரின் சம்மதமோ வேடிக்கை பார்க்க வருகிறவரின் சம்மதமோ தேவையில்லை!

1133-ல் அனுமதி என்பது இரண்டு பக்கமும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம். சுங்கம் வாங்கியவர் பாதுகாப்பும், நீதியும், சரியான கஜக்கோலும் கொடுக்க வேண்டியிருந்தது. 1840-ல் அது ஒரே பக்கத்துக் கதவாகிவிட்டது. திறப்பதும் மூடுவதும் உள்ளே இருப்பவரின் இஷ்டம், காரணம் சொல்லத் தேவையில்லை. பொது இடத்தில் எதையாவது நடத்த ஓர் ஊர் அனுமதி கேட்பதில் தவறே இல்லை. நெரிசலும் தீ விபத்தும் குப்பையும் உண்மையான பிரச்சினைகள். ஆனால் வாங்குகிற கட்டணத்துக்குப் பதிலாக ஊர் என்ன கொடுக்கிறது என்ற கேள்வியும் அந்த விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். புழுதிக் காலோடு வந்தவனுக்கு அந்தப் பழைய சந்தை அதற்குப் பதில் வைத்திருந்தது.