திருவாதிரைக்குப் பக்கத்தில் ஒரு தூசி மேகம்

மார்கழி ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் நின்றால் திருவாதிரை சிவப்பாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அதையொட்டிப் புகை மாதிரி லேசாகத் தெரிவதுதான் ஓரியன் நெபுலா. இப்போது சின்ன டெலஸ்கோப் ஒன்று தானாகவே அதைத் தேடிப் பிடித்து, செல்போனுக்குக் கலர் படமே அனுப்பிவிடுகிறது. குழந்தைகள் எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். சரி, முதல் ஆள் இதை எப்படி எடுத்தார்?

அவர் ஹென்றி டிரேப்பர். அமெரிக்காக்காரர், படிப்பு டாக்டருக்கு. வானியல் சொந்த ஆர்வம். 1880 செப்டம்பர் 30 அன்று, 11 அங்குல டெலஸ்கோப்பில் 51 நிமிடம் திறந்து வைத்து எடுத்தார். அதற்கு முன்னால் இருந்த ஈரத் தகடுகள் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், இவ்வளவு மங்கலான பொருளுக்கு அவை போதாது. ஜெலட்டின் உலர் தகடு வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1882 மார்ச்சில் 137 நிமிடம் வரை போனார். வானம் நகர நகர டெலஸ்கோப்பும் கடிகார இயந்திரத்தில் நகர வேண்டும், துளி பிசகினாலும் படம் கோடாகிவிடும். அதே வருஷம் நவம்பரில், 45 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த வருஷமே லண்டன் பக்கம் ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் அவரைத் தாண்டிவிட்டார். இவர் தொழில் இன்னும் வேடிக்கை, சானிடரி இன்ஜினியர்! வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி வைத்த டெலஸ்கோப். கண்ணுக்கே தெரியாத நட்சத்திரங்களும் நெபுலாவின் நுணுக்கங்களும் முதல்முறையாக அவர் தகட்டில்தான் விழுந்தன. கண் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அதே அளவுதான். தகடோ ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகும். 1884-இல் ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதன் மறுபாதி. டிரேப்பரின் மனைவி ஆன்னா, கணவர் நினைவாக ஹார்வர்ட் வானாய்வகத்துக்குப் பணம் கொடுத்தார். அங்கே தகடுகளைப் பார்த்துக் கணக்கெடுத்தவர்களில் ஒருவர் வில்லியமினா ஃபிளெமிங். ஸ்காட்லாந்திலிருந்து 21 வயதில் குடிபெயர்ந்து வந்து, கர்ப்பமாக இருக்கும்போது கணவர் கைவிட, ஆய்வக இயக்குநர் பிக்கரிங் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்களுக்கு இது புரியும்.

1888-இல் எடுத்த தகடு ஒன்றில், இடுப்புப் பட்டையின் ஓரத்து நட்சத்திரத்துக்கு அருகே, ஒளிர்கிற மேகத்தில் அரைவட்டமாய் ஒரு கறுப்பு வெட்டு இருப்பதைக் கவனித்தவர் அவர்தான். இன்று எல்லோரும் படமெடுக்க ஆசைப்படும் குதிரைத்தலை நெபுலா! ஆனால் டிரையர் 1895-இல் வெளியிட்ட பட்டியலில் பிக்கரிங் பெயர்தான் இருந்தது. அந்த அம்மாள் பெயர் இல்லை. கண்டுபிடித்தவர் வீட்டு வேலைக்காரியாக இருந்தவர் என்பதாலா, பெண் என்பதாலா? இரண்டும்தான் என்பது என் எண்ணம்.

அது என்ன கறுப்பு என்பதில் குழப்பம் நீடித்தது. நட்சத்திரங்கள் இல்லாத ஓட்டை என்று பலர் நினைத்தார்கள். பர்னார்ட் 1919-இல் இருண்ட மேகங்களின் பட்டியல் போட்டபோது இதற்கு 33 என்று எண் கொடுத்தார். விண்வெளித் தூசி ஒளியை மறைக்கிறது என்பதை 1930-இல்தான் டிரம்ப்ளர் உறுதியாகக் காட்டினார்.

ஃபிளெமிங் 1911-லேயே காலமாகிவிட்டார்.