கந்தப்பளையும் சென்னையும்: தூரம் எவ்வளவு?

இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள தூரத்தை மைல்களால் அளப்பது ஒரு முறை. பயணக் காலத்தால் அளப்பது மற்றொரு முறை. மைல் மாறுவதில்லை, காலமோ தலைமுறைக்குத் தலைமுறை மாறி வருகிறது. நுவரெலியாவுக்குக் கிழக்கே, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த கந்தப்பளையின் வரலாறு இதற்குச் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுக்கு வந்தோர் தோணியில் மன்னாரை அடைந்தனர். அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கும் அதிகமான காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே மாண்டோர் பலர். பிழைத்து வந்தோருக்கு வழிச்செலவு கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு அவர்களைப் பல்லாண்டு பிணித்தது. 1921இலேதான் அம்முறை ஒழிந்தது.

1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் செல்லும் சிறு இருப்புப்பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. வாரக்கணக்கான பயணம் நாள்கணக்கில் அடங்கிற்று.

அடுத்து வந்தது ஆகாய விமானம். 1947 டிசம்பர் 10ஆம் திகதி, ‘ஏர் சிலோன்’ நிறுவனத்தின் டக்ளஸ் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 425 மைல். பறக்கும் நேரம் சில மணிகளே. கந்தப்பளையில் வாழ்வோருக்கோ, நானுஓயாவிலிருந்து கொழும்பை அடையவே புகையிரதத்தில் 128 மைல் செல்ல வேண்டியிருந்தது. கடலைத் தாண்டுவதைவிட மலையிறங்குவதற்கே அதிக நேரம் பிடித்தது. சிறு இருப்புப்பாதையும் 1940களில் மூடப்பட்டது.

விமானம் தூரத்தைச் சுருக்கிய மறு ஆண்டிலேயே சட்டம் அதனை நீட்டியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாண்டு டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்ட மக்களை 1984 வரை ஏற்றிச் சென்றது அக்கப்பலே. அவர்களுட் பலருக்குப் பிறந்த மண் இலங்கை. பயணம் ஓரிரு நாள். பத்திரங்களுக்காகக் காத்திருந்த காலமோ ஆண்டுக்கணக்கு. இலங்கையிலே தங்கிய எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

இன்று கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்திற் பறந்துவிடுகிறது. எனினும் கந்தப்பளையின் வரலாற்றை நோக்குமிடத்து, தூரத்தைக் குறைக்க வேகம் மட்டும் போதாது என்பது புலனாகும். புறப்படவும் தங்கவும் மனிதனுக்குள்ள உரிமையும் அதனோடு சேர்த்து அளக்கப்படவேண்டும்.