புகை இல்லை, நிக்கொட்டின் இருக்கிறது



"வேப்பில் புகை இல்லையே, வயிற்றுப் பிள்ளைக்கு என்ன செய்யும்?" என்று கேட்கிறார்கள்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் உம்மம்மாமார் வெற்றிலையோடு போட்ட புகையிலையிலும் புகை இல்லை, நிக்கொட்டின் இருந்தது. 2003 இல் சீனாவில் ஹொன் லிக் உருவாக்கிய மின்சிகரெட்டிலும் அதே நிக்கொட்டின்தான். தாயின் இரத்தத்திலிருந்து சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவின் மூளை, நுரையீரல் வளர்ச்சியைக் கெடுக்கும். 2016 இல் இலங்கை வாசனையூட்டிய மெல்லும் புகையிலையையும் புகையிலை கலந்த மின்சிகரெட்டையும் ஒரே ஒழுங்குவிதியில் தடைசெய்தது.

கர்ப்பிணிகள் புகைத்தால் குறைமாதப் பிரசவம் கூடுகிறது என்று கலிபோர்னியாவில் சிம்ப்சன் 1957 இல் எழுதினார். அமெரிக்க சிகரெட் பெட்டியில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை வந்தது 1985 இல். 28 வருடம்! வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் குடும்பநல மாதுவிடம் இன்றே சொல்லுங்கள்.