கல்லூரி ஆண்களின் உணவுப் பழக்கமும் எடை பற்றிய எண்ணமும்

பல்கலைக்கழகத்தில் பயிலும் ஆண்கள் தம் எடையை எப்படிக் கணிக்கிறார்கள், அந்தக் கணிப்பை வைத்து எதை உண்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்பதை ஊட்டச்சத்து இயலும் உளவியலும் சேர்ந்து ஆராய்கின்றன. வீட்டுச் சமையலைப் பிரிந்து வந்த இளைஞர்கள் பி.ஜி. விடுதிகளில் தங்கும் பெங்களூரின் தொம்மலூர் போன்ற பகுதிகளில் எடையும் உணவும் அன்றாடக் கவலை.

எண்ணமும் அளவும்

ஜேன் வார்டில் குழுவினர் 22 நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். தம்மைக் குண்டு என்று எண்ணுவோர் ஆண்களைவிடப் பெண்களிலேயே அதிகம் என்று அது காட்டியது. ஆனால் ஆண்கள் கவலையற்றவர்கள் அல்லர். ‘ஒல்லி’, ‘நோஞ்சான்’ என்ற கேலிதான் அவர்களில் பலரை உறுத்துகிறது. எடை கூடியவர் அதை உணராமல் இருக்க, அளவான எடையுள்ளவர் தசை போதவில்லை என்று வருந்துகிறார். ‘வாரணம் ஆயிரம்’ (2008) படத்தில் சூர்யா காட்டிய சிக்ஸ் பேக் உடல் தமிழ் இளைஞர்களை ஜிம் பக்கம் ஈர்த்தது.

கண்ணை மட்டும் நம்ப முடியாது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரின் படமும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3தான். உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலிலும் கொழுப்பு மிகுந்திருக்கலாம் என்பதால், இந்தியர்களுக்குக் குறியீடு 23ஐத் தொட்டாலே அதிக எடை, 25 என்றால் உடற்பருமன் என 2009இல் மருத்துவர்கள் வரையறுத்தனர்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய ஆண்களில் 16.2 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள், 22.9 விழுக்காட்டினருக்குக் குறியீடு 25 அல்லது அதற்கு மேல்.

உணவு

முதல் வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் காலை உணவு தவறும். அந்தப் பசி மாலையில் வடை, பஜ்ஜி, பப்ஸ் என்று தேடும். இரவில் செயலி வழியாகப் பிரியாணி வரும். உணவு கொண்டுவரும் ஸ்விக்கி 2014இல் பெங்களூரில்தான் தொடங்கியது. விடுதிச் சாப்பாட்டில் பெரும்பாலும் சோறும் சப்பாத்தியும் தாராளமாக இருக்கும். பருப்பும் காயும் குறைவாக இருக்கும்.

‘பாடி ஏத்த’ விரும்புவோர் அடுத்துத் தேடுவது புரோட்டீன் பவுடர். ஆரோக்கியமான ஆணுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பரிந்துரை. 65 கிலோ எடைக்கு அது 54 கிராம். மூன்று முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்ந்தாலே ஏறத்தாழ 40 கிராம் கிடைத்துவிடும்; மீதியைச் சோறும் பருப்பும் தரும். தசை வளர்க்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் அறிவுறுத்தியது.

நோயாக மாறும்போது

கட்டுமஸ்தான உடல் இருந்தும் ‘நான் சின்னதாகத் தெரிகிறேன்’ என்று வாடுவது மசில் டிஸ்மார்ஃபியா. அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப் குழுவினர் 1997இல் இப்பெயரிட்டனர்; 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்னும் மனநோய் வகைப்பாட்டுக் கையேடு இதை உடல் தோற்றக் கோளாறின் ஒரு வகையாக ஏற்றது. ஜிம்முக்காகத் தேர்வைத் தவறவிடுவது, நண்பர்களுடன் உண்ண மறுப்பது, ஸ்டீராய்டு ஊசிக்குப் போவது ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். பெங்களூரின் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை பெறலாம். 2022இல் தொடங்கிய டெலி மனாஸ் மனநல உதவி (14416) எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் இலவச ஆலோசனை கிடைக்கிறது.